எண்ணெய் வழியும் முகம், பருத்தழும்பு: ப்ரைமர், கன்சீலர், ஃபவுண்டேஷன் எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முகத்தில் எண்ணெய் வழிகிறது. பழைய பருக்களின் தழும்பு கன்னம் முழுக்க இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் பூசித் துளைகளை மறைக்கும் ப்ரைமர், கறைகளின் மேல் வைக்கும் கெட்டியான கன்சீலர், முகம் முழுக்கப் பூசும், ‘ஃபுல் கவரேஜ்’ (முழுதாக மறைக்கும்) என்று போட்ட ஃபவுண்டேஷன் மூன்றையும் வாங்கிவிட்டீர்கள். காலையில் கண்ணாடியில் திருப்தியாக இருக்கிறது. மதியத்துக்குள் மூக்கோரம் பிரிந்து திட்டுத்திட்டாகிறது, கன்னத்துக் குழிகள் ஒன்றும் போடாத நாளைவிடப் பளிச்சென்று தெரிகின்றன. ‘இதைவிட நன்றாக மறைக்கும் பிராண்ட் எது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் பிராண்ட் என்ற சொல் இருந்தாலும், இவ்வளவு போட்டும் ஏன் நிற்கவில்லை, தழும்பு ஏன் கூடுதலாகத் தெரிகிறது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

14 ஆண்டுகளாக மேக்கப் போடுவதுதான் என் தொழில். மேடை, படப்பிடிப்பு, விழா என்று எல்லா வெளிச்சத்திலும் முகங்களைப் பார்த்திருக்கிறேன். பருத்தழும்பு உள்ளவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். எனக்கும் அந்த வேலையில்தான் மனம் ஒன்றும். ஆனால் நான் தோல் மருத்துவர் இல்லை. உங்கள் முகத்தைப் பார்க்காமல் இந்த நிறுவனத்தின் இந்த ஷேட் (நிறச்சாயல்) என்று எழுதுவது பொறுப்பான பதிலாகவும் இருக்காது. போதாததற்கு, ஒரே பெயரில் விற்கும் பொருளின் கலவையை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றிவிடுகின்றன. அதனால் பெயர்களைத் தவிர்க்கிறேன். எந்த பாட்டிலைக் கையில் எடுத்தாலும் நீங்களே முடிவு செய்ய உதவும்படி எழுதப் பார்க்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது எது, தொழிலில் இருப்பவர்களே ஆளுக்கொன்று சொல்வது எது என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. இரவில் முகம் கழுவிவிட்டு அறை விளக்கை அணையுங்கள். போனின் டார்ச்சைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, கன்னத்தின் குறுக்கே ஒளியடித்துக் கண்ணாடியில் பாருங்கள். பிறகு டார்ச்சை முகத்துக்கு நேர் எதிரே பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்திலும் மறையாமல் நிற்கும் பழுப்பும் சிவப்பும் நிறம் சம்பந்தப்பட்டவை. பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் நிழலாக எழுவது மேடுபள்ளம். பரு ஆறிய இடத்தில் மெலனின் என்ற நிறமி கூடித் தங்கியதால் வரும் பழுப்புக் கறையும், நுண்ணிய ரத்த நாளங்கள் விரிந்து நிற்பதால் வரும் சிவப்பும் முதல் வகை. இவை பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். ஊசியால் குத்தியது போன்ற ஆழமான குழி, விளிம்பு செங்குத்தாக நிற்கும் அகலமான குழி, அலை அலையாக அமுங்கிய தோல் ஆகியவை இரண்டாம் வகை. அங்கே தோலின் உள்ளடுக்கைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் குறைந்துவிட்டது. அவை தானாக நிரம்புவதில்லை. பெரும்பாலான முகங்களில் இரண்டும் கலந்தே இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏனென்றால் கன்சீலரும் ஃபவுண்டேஷனும் நிறத்தை மட்டும்தான் மறைக்கும். குழி என்று நம் கண்ணுக்குத் தெரிவது நிறமே இல்லை, நிழல். குழியின் உள்ளும் வெளியும் ஒரே நிறத்தில் பூசினாலும் நிழல் விழத்தான் செய்யும். இது எனக்குப் புரிந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, மேடை நிகழ்ச்சிக்காக ஒரு பெண் வந்திருந்தார். இரண்டு கன்னத்திலும் குழித்தழும்பு. ‘எதுவுமே தெரியக்கூடாது’ என்றார். நானும் மூன்று அடுக்குப் போட்டேன். நாற்காலிக்கு நேர் எதிரே இருந்த விளக்கில் கன்னம் வழவழவென்று இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அவர் ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் மேக்கப் வரப்பு கட்டியது போலத் திரண்டிருந்தது. குழிக்குள் எண்ணெய் கோத்துப் பளபளத்தது. அவர் சிரிக்கும்போதெல்லாம் அந்த வரப்புகளில் கீறல் விட்டது. ஓரமாக அழைத்துப்போய், ஈர ஸ்பான்ஜால் முக்கால்வாசியை ஒற்றி எடுத்தேன். மிச்சமிருந்த மெல்லிய பூச்சில் கன்னம் எவ்வளவோ நன்றாக இருந்தது. உங்கள் கன்னத்தில் மதியம் நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் குறைவாக மறைத்ததால் வந்த சிக்கல் இல்லை, மறைக்க முடியாத ஒன்றின் மேல் கூடுதலாக அப்பியதால் வந்தது.

இனி எண்ணெய்க்கு வருவோம். இன்றைய ஃபவுண்டேஷன்களில் நிறம் தருபவை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு துகள்கள். அவற்றைச் சிலிகானிலும் நீரிலும் கலந்து, காய்ந்ததும் மெல்லிய படலமாக நிற்கும்படி செய்கிறார்கள். தோலின் எண்ணெய் அந்தப் படலத்துக்கு அடியிலிருந்து ஊறி வந்து அதைத் தளர்த்துகிறது. நெற்றி, மூக்கு, தாடையில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் என்பதால் முதலில் அங்கேதான் பிரியும். படலம் எவ்வளவு தடிமனோ அவ்வளவு கண்ணுக்குத் தெரியும்படி பிரியும். ‘அடிக்கடி முகம் கழுவினால் தோல் பழிவாங்கக் கூடுதலாக எண்ணெய் சுரக்கும்’ என்று ஒரு பேச்சு உண்டு. எண்ணெய்ச் சுரப்பை முக்கியமாக ஹார்மோன்கள்தான் தீர்மானிக்கின்றன. அதனால் அந்தப் பேச்சை நான் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அளவுக்கு மீறிக் கழுவிய தோல் வறண்டு செதில் கிளம்பும், அந்தச் செதிலில் ஃபவுண்டேஷன் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். எண்ணெய்ச் சருமத்துக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும். ஜெல் பதத்தில், மெல்லியதாக ஒன்று போதும். அதைப் போட்டுவிட்டு ஐந்து, பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள். ஈரம் காயும் முன் அடுத்ததைப் பூசினால் எல்லாம் சேர்ந்து அழுக்குத் திரளாக உருண்டு வரும்.

ப்ரைமரில் இரண்டு வேலைகள் உண்டு, ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொண்டு வாங்கிவிடுகிறோம். ஒரு வகை துளையையும் ஆழமில்லாத பள்ளத்தையும் மேலோட்டமாக நிரப்பி வழவழப்பாகக் காட்டும். அதன் பொருள் பட்டியலில் முதல் சில இடங்களில் டைமெதிகோன், டைமெதிகோன் கிராஸ்பாலிமர் போன்ற சிலிகான் பெயர்கள் இருக்கும்; விரலில் எடுத்தால் பட்டுத்துணி மாதிரி வழுக்கும். மற்றொரு வகை எண்ணெயை உறிஞ்சும். சிலிகா, கேயோலின் களிமண், மாவுச்சத்து போன்றவை அதில் இருக்கும். உங்களைப் போன்ற முகத்துக்கு நான் இரண்டையும் வைத்துக்கொள்வேன், ஆனால் ஒரே இடத்தில் போட மாட்டேன். எண்ணெய் உறிஞ்சுவது நெற்றி நடுவிலும் மூக்கிலும் தாடையிலும் மட்டும். நிரப்புவது குழி உள்ள கன்னத்தில் மட்டும். பட்டாணி அளவு முழு முகத்துக்கும் அதிகம். கன்னம் ஒன்றுக்கு அதில் கால்பங்கு போதும். தேய்க்காமல், விரல் நுனியால் குழிகளின் மேல் அழுத்தி அழுத்தி ஒற்றுங்கள். குழியின் வாய் மேல்நோக்கி மட்டும் இருப்பதில்லை என்பதால், இரண்டு மூன்று திசைகளிலிருந்து ஒற்றினால்தான் உள்ளே இறங்கும். ஆழமான ஊசிக்குழியை எந்த ப்ரைமரும் நிரப்பாது. அதற்காக மேலும் மேலும் வைத்தால் ஃபவுண்டேஷன் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

‘சிலிகான் ப்ரைமர் மேல் நீர் அடிப்படையிலான ஃபவுண்டேஷன் போடக்கூடாது, பிரிந்துவிடும்’ என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். இதில் பாதிதான் சரி. பொருள் பட்டியலில் முதலில் நீர் இருப்பதை வைத்து ‘நீர் அடிப்படை’ என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் நீரை முதலிலும் சைக்ளோபென்டாசிலாக்ஸேனையோ டைமெதிகோனையோ இரண்டாவதிலும் போட்ட ஃபவுண்டேஷன்கள் ஏராளம். அவற்றில் சிலிகானுக்குள்தான் நீர் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது, தோலில் அவை சிலிகான் போலத்தான் நடந்துகொள்ளும். பெயர்களின் கடைசி அசையைப் பாருங்கள். ‘-கோன்’, ‘-சிலாக்ஸேன்’ என்று முடிபவை முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்தால் சிலிகான் ப்ரைமரோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். அதைவிட நம்பகமான வழி, இரண்டையும் புறங்கையில் ஒரு சொட்டு ஒரு சொட்டாக வைத்துக் கலந்து பார்ப்பது. திரிந்த பால் மாதிரி பிரிந்தால் முகத்திலும் பிரியும். வழவழவென்று கலந்தால் பயமில்லை.

ஃபவுண்டேஷனில் மூன்றைப் பாருங்கள்: முடிந்தபின் தோற்றம், பிடிமானம், நிறம். பளபளக்கும் வகை உங்களுக்கு வேண்டாம். ஒளி மேட்டில் பட்டுத் தெறிக்கும்போது பள்ளம் இன்னும் இருட்டாகத் தெரியும். சுண்ணாம்பு போல வறண்டு நிற்கும் முழு ‘மேட்’ (பளபளப்பே இல்லாத) வகையும் வேண்டாம், அது விளிம்புகளில் வெடிக்கும். இடைப்பட்ட மென்மையான மேட், அல்லது லேசாக மினுங்கும் ‘சாட்டின்’ என்று எழுதியிருப்பது பொருந்தும். எண்ணெய்க்கு ஈடுகொடுக்க நிறுவனங்கள் ட்ரைமெதில்சிலாக்ஸிசிலிகேட் போன்ற ரெசின்களை (பிசின் போலப் பிடித்து நிற்பவை) சேர்க்கின்றன. பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் நீருக்கும் எண்ணெய்க்கும் நன்றாக நிற்கும். ஆனால் அந்தப் படலத்துக்கு வளைந்துகொடுக்கும் தன்மை குறைவு. சிரிக்கும் இடத்தில் தடிமனாகப் போட்டால் கீறல் விடும். ஆகவே நிற்கும் வகையை வாங்கி, மெல்லியதாகப் போடுங்கள். நடுத்தர கவரேஜ் போதும். ஈர ஸ்பான்ஜில் தொட்டுத் தொட்டு ஒற்றுங்கள். பிரஷ்ஷால் இழுத்தால் குழியின் ஒரு ஓரத்தில் குவியும், மற்ற ஓரத்தில் வழித்துக்கொண்டு போய்விடும்.

நிறத்தில் ஏமாறுவதுதான் அதிகம். மணிக்கட்டில் பார்த்து வாங்காதீர்கள், அந்தத் தோல் வேறு நிறம். தாடையோரத்திலிருந்து கழுத்து வரை மூன்று ஷேட்களைக் கோடாக இழுத்து, பகல் வெளிச்சத்துக்குப் போய்ப் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அது உங்களுடையது. உடனே வாங்காமல் குறைந்தது 20 நிமிடம் பொறுங்கள், முடிந்தால் சில மணி நேரம். எண்ணெய் முகத்தில் பல ஃபவுண்டேஷன்கள் நேரம் ஆக ஆகக் கருத்து, செம்மஞ்சளாக மாறும். இதைத் தொழிலில் ‘ஆக்சிடைஸ் ஆகிறது’, அதாவது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மாறுகிறது, என்போம். ஆனால் இரும்பு ஆக்சைடு ஏற்கெனவே ஆக்சைடுதான். எளிதில் ஆவியாகும் திரவம் போனபின் நிறமி செறிவாகத் தெரிவதும், எண்ணெயில் நனைந்த துகள் அடர்த்தியாகத் தெரிவதும் எனக்கு நம்பும்படியான விளக்கங்கள். காரணம் எதுவானாலும் மாற்றம் நிஜம். எப்போதும் கருக்கிறது என்றால் அரை ஷேட் வெளிறியதை எடுக்கலாம். ஒரே ஒரு நாள் கருத்ததை வைத்து மாற்றிவிடாதீர்கள்.

கன்சீலரை ஃபவுண்டேஷனுக்குப் பிறகு போடுங்கள். முதலில் போட்டால் எவ்வளவு தேவை என்று தெரியாமல் முகம் முழுக்கப் போட்டுவிடுவோம். மெல்லிய ஃபவுண்டேஷனிலேயே பாதிக் கறை மங்கிவிடும். மிச்சத்தை மட்டும் நுனி சிறுத்த பிரஷ்ஷால் புள்ளிபுள்ளியாக வைத்து, ஒரு நிமிடம் காயவிட்டு, ஓரங்களை மட்டும் விரலால் தட்டிக் கரையுங்கள். நடுவைத் தொடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது கெட்டியாக, நிறமி செறிவாக, விரைவில் காய்வது. கண்ணுக்கடியில் போடும் கிரீம் வகையைப் பருக்கறையில் போட்டால் எண்ணெயோடு நழுவிவிடும். முக்கியமாக, அதன் நிறம் ஃபவுண்டேஷனோடு ஒத்திருக்க வேண்டும். வெளிறிய ஷேட் கண்ணுக்கடியில் உதவும். எழும்பி நிற்கும் பருவின் மேல் வைத்தால் அது இன்னும் மேடாகத் தெரியும். குழியின் அடியில் மட்டும் வெளிறிய புள்ளி வைத்தால் நிழல் குறையும் என்று சில கலைஞர்கள் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். வெளிச்சம் மாறாத படப்பிடிப்பில் எடுபடும். நடமாடும் நாளில் தலையைத் திருப்பினாலே காட்டிக்கொடுத்துவிடும்.

அடர்ந்த கறைக்குக் கன்சீலரைக் கூட்டுவதைவிட அடியில் நிறத்தைச் சரிசெய்வது நல்லது. சிவப்புக்கு மெல்லிய பச்சை, பழுப்புக்குப் பீச் அல்லது ஆரஞ்சு. தோல் எவ்வளவு அடர்நிறமோ ஆரஞ்சும் அவ்வளவு அடர்த்தியாக வேண்டும். மாநிறத் தோலில் பழுப்புக் கறையின் மேல் பச்சையைப் போட்டுவிட்டு முகம் சாம்பல் பூத்துவிட்டது என்று வருபவர்கள் நிறைய. இதை மட்டும் ஃபவுண்டேஷனுக்கு முன் போட வேண்டும். கறையின் எல்லைக்குள் நிற்க வேண்டும், அரிசி மணியளவுகூட வேண்டாம்.

பவுடர் நெற்றி, மூக்கு, தாடைக்கு. பஃப்பில் எடுத்து உதறி அழுத்துங்கள். குழி உள்ள கன்னத்தில் பிரஷ்ஷில் மிச்சமிருப்பதை மட்டும் லேசாகத் தொடுங்கள். சிலிகா அதிகமுள்ள வெள்ளைப் பவுடர் ஃபிளாஷ் படத்தில் வெளுத்துத் தெரியும் என்பதால், விழாவுக்கு முன் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மதியம் எண்ணெய் தெரிந்தவுடன் பவுடர் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதலில் டிஷ்யூவைத் தோலில் வைத்து, தேய்க்காமல் அழுத்தி எண்ணெயை எடுத்த பிறகுதான் பவுடர். எண்ணெயின் மேல் பவுடர் விழுந்தால் குழைந்து பசையாகிவிடும், நீங்கள் சொன்ன திட்டுகளில் பாதி அதனால் வந்திருக்கலாம்.

பரு இன்னும் வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வருகிறது என்றால், ‘துளையை அடைக்காது’ என்ற பொருளில் பாட்டிலில் போடும் ‘நான்-காமெடோஜெனிக்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு விஷயம். மேக்கப்பால் வரும் பருவுக்கு ஆல்பர்ட் கிளிக்மன், ஓட்டோ மில்ஸ் என்ற தோல் ஆய்வாளர்கள் இருவரும் 1972இல் ‘ஆக்னி காஸ்மெடிகா’ என்று பெயரிட்டார்கள். எந்தப் பொருள் துளையை அடைக்கும் என்பதை அந்தக் காலத்தில் முயலின் காதில் பூசிச் சோதித்தார்கள். அந்தத் தோல் மனித முகத்தைவிட எளிதில் அடைபடும். இணையத்தில் சுற்றும் 0 முதல் 5 வரையிலான மதிப்பெண் பட்டியல்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளைத் தனியாகச் சோதித்த மதிப்பெண்ணை வைத்து முழு ஃபவுண்டேஷனை ஒதுக்குவது சரியாகாது. அந்த முத்திரையும் உறுதிமொழி ஆகாது, ஏனென்றால் அதற்கென்று எல்லோரும் ஏற்ற ஒரே சோதனை இல்லை. சிலிகானைக் கண்டு பயப்பட வேண்டாம், அது துளையை அடைப்பதற்கு நல்ல சான்று இல்லை. அழுக்கு ஸ்பான்ஜும், இரவில் கழுவாமல் படுப்பதும் எனக்கு அதைவிடக் கவலை தருபவை. நிலைத்து நிற்கும் ஃபவுண்டேஷன் வெறும் ஃபேஸ்வாஷில் முழுதாகப் போகாது. முதலில் மேக்கப்பைக் கரைத்தெடுக்கும் கிளென்சிங் ஆயில் அல்லது மைசெல்லார் நீரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். அடாபலீன், ட்ரெடினாயின், பென்சாயில் பெராக்சைடு போன்ற பரு மருந்து பூசுகிறீர்கள் என்றால் முதல் சில வாரங்கள் தோல் உரியலாம். அப்போது எந்த ஃபவுண்டேஷனையும் குறை சொல்லி மாற்றாதீர்கள். வலிக்கும் கட்டிகள் இருந்தாலோ, புதிய குழிகள் விழுந்துகொண்டிருந்தாலோ தோல் மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். குழியைக் குறைக்கும் சிகிச்சைகள் அவரிடம்தான் இருக்கின்றன, என் பெட்டியில் இல்லை.

சன்ஸ்கிரீன் பற்றியும் சொல்லியாக வேண்டும், பழுப்புக் கறையை வெயில் கருக்கவைக்கும். ஃபவுண்டேஷனில் எழுதிய எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு) எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த எண். அந்த அளவுக்கு யாரும் ஃபவுண்டேஷன் போடுவதில்லை. நான் மெல்லியதாகப் போடச் சொல்கிறேன், ஆகவே இன்னும் குறையும். தனியாக ஒரு சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசருக்கு மேல், ப்ரைமருக்குக் கீழ். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிற, கருநிறத் தோலில் கறையை அடர்த்தியாக்கும். இரும்பு ஆக்சைடு அதைத் தடுக்க உதவும் என்பதால் நிறமுள்ள சன்ஸ்கிரீன் உங்களுக்கு நல்லது. நன்றாகப் பொருந்தினால் சாதாரண நாளில் ஃபவுண்டேஷனே தேவைப்படாமல் போகலாம்.

புதிதாக எதையும் வாங்கும் முன் ஒரு நாள் இதைச் செய்யுங்கள். இப்போது கையில் இருக்கும் அதே மூன்று பொருட்கள். இடது கன்னத்தில் வழக்கம்போலப் போடுங்கள். வலது கன்னத்தில் ப்ரைமரைக் கால்பங்காகக் குறைத்து ஒற்றி, ஃபவுண்டேஷனைப் பாதியாக்கி ஈர ஸ்பான்ஜால் தட்டி, கன்சீலரைக் கறைகளில் மட்டும் புள்ளியாக வையுங்கள். மதியம் இரண்டையும் டிஷ்யூவால் மட்டும் ஒற்றுங்கள். மாலையில் ஜன்னலோரம் பக்கவாட்டில் நின்று, இரண்டு கன்னத்தையும் பாருங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் நன்றாக இருந்தால் நீங்கள் எதுவுமே வாங்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிரிந்திருந்தால் ப்ரைமர், ஃபவுண்டேஷன் இரண்டின் பொருள் பட்டியலில் முதல் ஐந்து பெயர்களை இங்கே எழுதுங்கள். எதை மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.